சமைப்பவருக்குத் தெரியக்கூடாது

நாற்பத்தைந்து கிலோ வந்தால்தான் நெஞ்சைத் திறப்பேன் என்று அறுவை டாக்டர் சொல்லிவிட்டார். நான் நாற்பத்தொன்று இருந்தேன். இந்தக் கதை முழுவதும் அந்த நான்கு கிலோவைப் பற்றியது. நடுவில் ஒரு நிறுவனம் வரும். அது வந்திருக்கவே வேண்டியதில்லை, ஆனால் வந்துவிட்டது, என்ன செய்ய?

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வலது நுரையீரலின் கீழ்மூலை கெட்டுப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்தால் பிழைப்பேன். ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் மிச்சமும் கெடும். "எடையைக் கொண்டு வாங்க, தேதி தர்றேன்," என்றார் டாக்டர். மளிகைக் கடைக்காரர்கூட இவ்வளவு சுருக்கமாகப் பேசமாட்டார்.

எடையைக் கொண்டுவர எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் சமையல்காரி என் சொந்த அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அதே அடுப்படி. நெஞ்சு வார்டின் இருபத்துநான்கு கட்டிலுக்கும் தினம் காலை பதினோரு மணிக்கு அவள் ஒரு கிண்ணம் அவித்த கொண்டைக்கடலை அனுப்புவாள். உப்பு, கொஞ்சம் நறுக்கிய வெங்காயம், அவ்வளவுதான். பல் இல்லாதவர்களுக்கு மசித்துக் கொடுப்பாள். எவருக்குப் பல் இல்லை, எவர் இருப்பதாகப் பொய் சொல்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முந்தின சாயங்காலமே ஊறப்போட்டு, இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, நசுங்கினால்தான் அடுப்பிலிருந்து இறக்குவாள்.

"மருந்து மருந்துன்னு முழுங்கினா போதுமாடா? அது வேலை செய்யறதுக்கு உடம்புல கொஞ்சம் சதை வேணாமா? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்," என்பாள்.

திங்கட்கிழமைதோறும் நர்ஸம்மா எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவார். நான்கு வாரத்தில் நான் நாற்பத்திரண்டு கிலோ முந்நூறு கிராம். பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் அதைவிட வேகம். கடைசிக் கட்டிலில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். எலும்பும் தோலுமாக வந்தவர், அவரே எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தார். "வாரத்துக்கு முந்நூத்தி இருபத்தஞ்சு கிராம். இதே வேகத்துல போனா இன்னும் எட்டு வாரம் ரெண்டு நாள்ல உமக்கு ஆபரேஷன்," என்று எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போல், சாலையின் அந்தப் பக்கம், ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. 'பயறுப் புரத உயராய்வு நிறுவனம்' என்று பலகை. பயறு, கடலை, அவரை, துவரை முதலிய விதைகளிலிருந்து எடுக்கும் புரதத்தால் மனித உடம்புக்கு ஏதாவது நன்மை உண்டா என்று பதினான்கு வருஷமாக அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆண்டறிக்கைகள் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகும். ஒன்பதை நானே பிழை திருத்தியிருக்கிறேன். பசி அடங்கக்கூடும். ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறக்கூடும். கெட்ட கொழுப்பு குறையக்கூடும். இளைத்த தசை தேறக்கூடும். ஒவ்வோர் அறிக்கையும் 'மேலும் ஆய்வு தேவை' என்று முடியும். பதினான்கு வருஷம் கூடும், கூடும் என்று சொல்லி அங்கே உண்மையில் கூடியது மாடிகள்தாம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பவர்கள் அந்தக் கண்ணாடியைத் துடைக்க எத்தனை பேர் வேலைக்கு இருக்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நிறுவனம் சாலையைக் கடந்து எங்கள் வார்டுக்கு வந்தது.

முன்னால் இயக்குநர். பின்னால் திட்ட அலுவலர், அவர் கையில் படிவக் கட்டு. திட்ட அலுவலர் எதைச் சொன்னாலும் 'ஆகவே' என்றுதான் தொடங்குவார். சாயங்காலத்துக்குள் லாரி டிரைவர் அவருக்கு 'ஆகவே' என்றே பெயர் வைத்துவிட்டார்.

இயக்குநர் வார்டின் நடுவில் நின்று பேசினார். "நோயாளிப் பெருமக்களே! நீங்க தினமும் கடலை சாப்பிடறீங்க, எடை கூடுதுன்னு கேள்விப்பட்டேன். ரொம்பக் கவலையா இருக்கு. ஆதாரம் இல்லாம ஒரு மனுஷனுக்கு எடை கூடறது ஆபத்து. எடை கூடினதுக்குக் காரணம் கடலைதான்னு யார் சொன்னது? காத்தா இருக்கலாம். தூக்கமா இருக்கலாம். உங்க சந்தோஷமா இருக்கலாம்."

நுரையீரலில் ஓட்டையோடு படுத்திருந்த இருபத்துநான்கு பேரும் எங்கள் சந்தோஷத்தைப் பற்றி யோசித்தோம்.

"சார், சாப்பிடறோம், கூடுது. இதுல என்ன சார் சந்தேகம்?" என்றார் லாரி டிரைவர்.

"அப்படி நாமளே தெரிஞ்சுக்கிட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லீங்க," என்றார் இயக்குநர், அன்பாக. "நாளைக்கே நன்மை உறுதின்னு தெரிஞ்சுபோச்சுன்னு வைங்க. நிறுவனம் எதுக்கு? நானூறு பேர் வேலை செய்யறோம். எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அவர் இதைக் கூச்சப்படாமல், நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி மேலாளர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோடு எங்கள் கடலை மூட்டைகள் சாலையைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டன.

ஒரு வாரத்தில் மூட்டைகள் திரும்பி வந்தன. ஆனால் கடலையாக இல்லை, பழுப்பு மாவாக. ஒன்றில் '1' என்றும் மற்றதில் '2' என்றும் எழுதியிருந்தது. ஒன்றில் எங்கள் கடலையிலிருந்து எடுத்த புரதம். மற்றதில் வெறும் கிழங்கு மாவு. எதில் எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. அதற்காக இரண்டிலும் ஒரே சாயம், ஒரே வெனிலா எசன்ஸ். குலுக்கல் போட்டு வார்டை இரண்டாகப் பிரித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு முதல் மூட்டைக் கஞ்சி, பன்னிரண்டு பேருக்கு இரண்டாம் மூட்டைக் கஞ்சி. லாரி டிரைவர் முதல் மூட்டை. நானும் வாத்தியாரும் இரண்டாம் மூட்டை.

ஆகவே அடுப்படிக்குப் போய் அக்காவிடம் ஒரு படிவத்தை நீட்டினார். காய்கறி நறுக்கும் மேஜையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"ஆகவே இது உறுதிமொழிப் படிவம்மா. 'நான் சமைப்பது இன்னதென்று எனக்குத் தெரியாது.' கீழே கையெழுத்து."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "தெரியாம எப்படிங்க சமைக்கிறது?"

"அதுதான் ஆய்வோட அழகே. சாப்பிடறவருக்கும் தெரியாது, கொடுக்கறவருக்கும் தெரியாது, சமைக்கறவருக்கும் தெரியாது. எடை பார்க்கற நர்ஸுக்கும் தெரியாது."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது. ஆகவே தப்பு நடக்க வாய்ப்பே இல்லை."

"சரிங்க. உப்பு எவ்வளவு போடணும்னாவது தெரியலாமா?"

அவர் யோசித்தார். "உப்பு தெரியலாம். ஆகவே உப்புக்குத் தனிப் படிவம் அனுப்பறேன்."

அக்கா கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் வேறு ஆளை அமர்த்திவிடுவார்கள். தம்பி வார்டில் கிடக்கிறான். பேனா அவள் விரலில் நடுங்கி, அந்த எழுத்து கோழி கிளறியது மாதிரி விழுந்தது. அவர் போனதும் முதல் மூட்டையில் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தாள். இரண்டாவதையும் மோந்து பார்த்தாள்.

"ஒண்ணுல நம்ம கடலை இருக்குடா. ரெண்டுல ஒரு மண்ணும் இல்ல. இருபத்திரெண்டு வருஷமா ஊறப்போட்டவ மூக்கையா ஏமாத்தறாங்க?" என்று என்னைப் பார்த்தவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கிண்ணத்தில் வரப்போவது என்ன என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அக்கா மோந்து பார்த்ததை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மறுநாளே நிறுவனத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. 'உணர்வு மறைப்புச் சாதனம்' என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே துணி காயப்போடும் கிளிப் ஒன்று. மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். இரண்டு நாள் கழித்து, புரதக் கஞ்சி கொதிக்கும்போது நுரை கட்டுகிறது, மாவுக்கஞ்சி கட்டுவதில்லை என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பதினான்கு வருஷத்தில் அந்த நிறுவனம் கண்டுபிடித்த முதல் விஷயம் அதுதான். அதற்காக ஒரு கறுப்புக் கண்ணாடி வந்தது. என் அக்கா மூக்கில் கிளிப்பும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாகக் கொதிக்கும் அண்டாக்களின் முன்னால் தடவித் தடவிச் சமைத்தாள். மூன்றாம் நாள் மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாள். அதற்கும் ஒரு விபத்துப் படிவம் உண்டு. 'விபத்து எந்த அண்டாவில் நிகழ்ந்தது என்பதைக் குறிப்பிடக் கூடாது' என்று அதன் அடியில் அச்சிட்டிருந்தது.

இவ்வளவு ரகசியத்தையும் லாரி டிரைவரின் வயிறு மதியம் மூன்று மணிக்கு உடைத்துவிட்டது. புரதம் போனால் வயிறு சும்மா இருக்குமா? அவர் கட்டிலில் சத்தம் கேட்டது. அடுத்து எதிர்வரிசையில் ஒன்று. அதற்குப் பின் வார்டில் யார் கிண்ணத்தில் கடலை, யார் கிண்ணத்தில் மாவு என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மறுநாள் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'ஆய்வில் பங்கேற்போர் வயிற்றின் மூலம் தகவல் பரிமாறிக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.' எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

"நான் என்னத்தைங்க பரிமாறினேன்? அது பாட்டுக்குப் போச்சு," என்றார் லாரி டிரைவர். அன்றைக்கு அவர் தன் கிண்ணத்தில் பாதியை வாத்தியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆகவே அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் கட்டிலுக்குக் கட்டில் திரை கட்டினார்கள். கஞ்சி குடித்து முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு திரைக்கும் ஒரு ஆள் காவல் நின்றார். நெஞ்சு வார்டுக்கு ராத்திரி நர்ஸ் ஒருவர் போதாது, இன்னொருவர் வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டு ஆள் கிடைக்கவில்லை. கிண்ணத்துக்குக் காவல் நிற்க இருபத்துநான்கு பேர் கிடைத்தார்கள்.

வாத்தியார் கஞ்சியைப் பாதிதான் குடிப்பார். "அம்மா, கடலை எப்போம்மா வரும்? பதினோரு மணி ஆச்சே," என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்பார். அக்கா காவல்காரரைப் பார்ப்பாள். காவல்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். "வரும் சார், வரும்," என்று சொல்லிவிட்டு அக்கா வேகமாக நடந்துவிடுவாள்.

இரண்டாவது திங்கட்கிழமை நான் நாற்பத்தொரு கிலோ இருநூறு கிராம். வாத்தியாரை மெஷினில் நிற்கவைக்க முடியவில்லை. அவராகவே படுத்தபடி கணக்குப் போட்டார். "எனக்கு இது கழித்தல் கணக்கு," என்றார் என்னிடம். புதன்கிழமை காலை பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் இறந்துபோனார்.

ஆகவே வந்தார். கட்டிலின் தலைமாட்டில் நின்று, பேரேட்டைத் திறந்து, ஒரு கட்டத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். அது என் தொழில். 'பங்கேற்பாளர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் ஆய்விலிருந்து விலகினார்.'

"சார், அவர் செத்துப்போயிட்டார்," என்றேன்.

"ஆய்வுப் படிவத்துல அதுக்குத் தனியா இடம் இல்லீங்க. ஆகவே கிட்டத்தட்ட வர்ற இடத்துல எழுதணும்."

கடலை கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நானும் அவர்களைப் போலவே நாகரிகமாகச் சொல்கிறேன்: பிழைத்திருக்கக்கூடும். மேலும் ஆய்வு செய்ய அவர் இல்லை. அந்த மனுஷன் கேட்டது ஒரு கிண்ணம் அவித்த கடலை. அடுப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, அவிக்கத் தெரிந்த கை இருந்தது, கடலையும் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாவிகள்!

மறுநாள் காலை அக்கா மூக்குக் கிளிப்பைக் கழற்றி அடுப்பில் போட்டாள். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து ஜன்னலில் வைத்தாள். இரண்டு அண்டாக் கஞ்சியையும் பெரிய கொப்பரை ஒன்றில் கொட்டிக் கலக்கினாள். கலந்ததைத் திரும்ப இரண்டு அண்டாவிலும் ஊற்றி, '1' என்றும் '2' என்றும் சீட்டு ஒட்டி அனுப்பினாள். மீதி ஆறு வாரமும் அப்படித்தான். காவல்காரர்கள் திரைக்குத் திரை நின்று ஒரே கஞ்சியைக் கண்கொட்டாமல் காவல் காத்தார்கள்.

என் கட்டிலின் பக்கம் வந்தபோது லாரி டிரைவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "உங்க பங்குல பாதியை எடுத்துட்டேன் அண்ணே. மன்னிச்சுக்கங்க."

"அட போம்மா, நான் கொடுத்ததைத்தான் திரை போட்டுத் தடுத்தாங்க," என்றார் அவர்.

எட்டு வாரம் முடிந்தது. நான் நாற்பத்துமூன்று கிலோ நானூறு. இயக்குநர் மறுபடியும் வார்டின் நடுவில் வந்து நின்றார். இந்தத் தடவை மைக்கோடு.

"மகத்தான முடிவு! முதல் மூட்டைக்காரங்களுக்கும் எடை கூடியிருக்கு. ரெண்டாம் மூட்டைக்காரங்களுக்கும் அதே அளவு கூடியிருக்கு. ரெண்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. இதிலிருந்து என்ன தெரியுது? பயறுப் புரதத்தால தனியா எந்த நன்மையும் இல்லை! வெறும் மாவே போதும்! இனிமே எல்லா ஆஸ்பத்திரியிலும் கடலையை நிறுத்தி மாவுக்கஞ்சி கொடுக்கச் சொல்லிப் பரிந்துரை பண்ணியிருக்கோம்."

அக்கா வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். பதினோரு பேரைக் காப்பாற்றக் கலக்கிய கஞ்சி, ஊரில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிக் கிண்ணத்திலிருந்தும் கடலையை எடுத்துவிட்டது. வேலை போனாலும் பரவாயில்லை என்று அவள் நேராக மைக்குக்கு முன்னால் போனாள்.

"ஐயா, நான்தான் ரெண்டையும் கலந்தேன். ஆறு வாரமா எல்லாரும் கடலைப் புரதம்தான் சாப்பிட்டாங்க. அதனாலதான் எல்லாருக்கும் கூடுச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் பாருங்க, இவங்களுக்குக் கொறஞ்சிருக்கும். நர்ஸம்மா எழுதி வச்சிருக்காங்க."

இயக்குநர் ஆகவேயைப் பார்த்தார். ஆகவே படிவக் கட்டைப் புரட்டி ஒரு தாளை உருவினார். கோழி கிளறின கையெழுத்து.

"அம்மா, நீங்க சமைக்கிறது இன்னதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. தெரியாத ஒண்ணை எப்படிக் கலக்க முடியும்? ஆகவே நீங்க கலக்கலை."

"நான் கலந்தேங்க!"

"எதை?"

"கடலைக் கஞ்சியையும் மாவுக்கஞ்சியையும்!"

"அது எதுன்னு உங்களுக்குத் தெரியாதே அம்மா," என்றார் இயக்குநர், மறுபடியும் அன்பாக. "உங்களுக்குத் தெரியும்னு ஒத்துக்கிட்டா எட்டு வார ஆய்வு பாழ். நானூறு பேர் உழைப்பு பாழ். போய் ஓய்வெடுங்க. அடுப்பு வெக்கை தலைக்கு ஏறியிருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பூசணிக்காயே எழுந்து நின்று 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று கத்தியும், அதன் கையெழுத்தைக் காட்டி உட்காரவைத்துவிட்டார்கள்.

கடலை நின்றது. மாவுக்கஞ்சி வந்தது. எதிர்க் கட்டடத்தில் ஏணி வைத்துப் பலகையை மாற்றினார்கள். 'மாவுச்சத்து உயராய்வு நிறுவனம்.' மாடி ஏழாக ஆகிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் நான் நாற்பத்திரண்டு கிலோ எழுநூறு. டாக்டர் என் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் எட்டு வாரம்தான் இருக்கு," என்றார். என்னால் மாடிப்படி நான்கு ஏற முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை ஒளிக்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் நிறுவனம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு வைத்தது. தலைப்பு, 'மாவுச்சத்தின் சாத்தியமான நன்மைகள்'. முப்பது நாள். இருபத்துநான்கு அறிஞர்கள் வந்து இறங்கினார்கள். அந்த ஏழு மாடியில் ஒரு அடுப்பு கிடையாது. ஆகவே, ஆகவே எங்கள் அடுப்படிக்கு வந்தார். அவரோடு இயக்குநரும் வந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அம்மா, கிடங்குல முதல் மூட்டைச் சரக்கு நிறைய மிச்சம் இருக்கு. விருந்தாளிகளுக்கு தினமும் காலையில அதுலதான் கஞ்சி வைக்கணும். எனக்கும் ஒரு கிண்ணம். சர்க்கரை இருக்கறதால தினம் பயறு சாப்பிடச் சொல்லி என் டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

அக்கா அவரையே பார்த்தாள். "அதுல ஒரு நன்மையும் இல்லைன்னு சொன்னீங்களே ஐயா."

"நோயாளிக்கு இல்லைன்னுதானே ஆய்வு சொல்லுது? விருந்தாளிக்கு இல்லைன்னு சொல்லலையே!"

அக்கா சரியென்று தலையாட்டினாள். முதல் மூட்டைகள் வந்து இறங்கின. வார்டுக்கான இரண்டாம் மூட்டைகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. ஒரே சாயம், ஒரே வெனிலா, அதே பழுப்பு. இருபத்துநான்கு அறிஞர்கள், இருபத்துமூன்று நோயாளிகள். மறுநாள் காலை அக்கா மாவுக்கஞ்சியைச் சாலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். புரதக் கஞ்சியை எங்களுக்கு ஊற்றினாள். என் கிண்ணத்தை நீட்டும்போது, "முழுசாக் குடி," என்று மட்டும் சொன்னாள். மதியம் மூன்று மணிக்கு வார்டு முழுவதும் தகவல் பரிமாறிக்கொண்டது. லாரி டிரைவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

எதிர்க் கட்டடத்திலிருந்தும் செய்தி வந்துகொண்டிருந்தது. அறிஞர்களுக்குக் கஞ்சி ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஒருவருக்கு மூட்டுவலி போய்விட்டதாம். ஒருவர் காலையில் ஓட ஆரம்பித்துவிட்டாராம். இயக்குநர் தினம் இரண்டு கிண்ணம் கேட்கிறாராம்.

"குடிக்கட்டும், குடிக்கட்டும். வித்தியாசமே இல்லைன்னு அவங்கதானே சொன்னாங்க," என்றாள் அக்கா.

நாற்பத்துமூன்று இருநூறு. நாற்பத்துமூன்று எண்ணூறு. நாற்பத்துநான்கு ஐந்நூறு. முப்பதாம் நாள் திங்கட்கிழமை. நர்ஸம்மா மெஷினைக் குனிந்து பார்த்தார், என்னை இறக்கி மறுபடி ஏற்றினார், பிறகு வார்டே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நாப்பத்தஞ்சு கிலோ இருநூத்தம்பது!" லாரி டிரைவர் விசிலடித்தார். டாக்டர் வந்து எடையைப் பார்த்து, கேஸ் ஷீட்டில் வியாழக்கிழமை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அக்கா அந்தத் தாளை வாங்கி, கையெழுத்தின் மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாடா, நிறைவு விழாவுக்குப் போகலாம்," என்றாள்.

எனக்கு அங்கே மேடையிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். மாவுக்கஞ்சியால் தேறிய நோயாளி என்று காட்சிப்பொருளாக. இயக்குநர் மைக்கைப் பிடித்தார். அவர் கன்னம் தொங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அறிஞர்களே! மாவுச்சத்தின் பெருமையை முப்பது நாள் பேசினோம். ஆனா நம்மைத் தாங்கினது எது? ரகசியத்தைச் சொல்லட்டுமா? அது பயறுப் புரதக் கஞ்சி! நான் இருபது வயசுப் பையனா ஆயிட்டேன். இந்தத் தெம்பு வேற எதுல வரும்? வெறும் மாவுல வருமா?"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. அதைச் சமைத்த கைக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தருவதாகச் சொல்லி அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். 'ரெண்டு வார்த்தை பேசுங்க' என்று ஆகவே மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

"வணக்கம்ங்க. நீங்க முப்பது நாளும் குடிச்சது வெறும் மாவுக்கஞ்சி. கடலைப் புரதத்தை எங்க வார்டு குடிச்சுது. உங்க எல்லாருக்கும் சர்க்கரையும் எடையும் பார்த்துக்கங்க. வார்டு எடையை நர்ஸம்மா எழுதி வச்சிருக்காங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நீங்க எட்டு வாரமா தேடினது அதுல இருக்கும்." மைக்கைத் தன் பக்கம் இன்னும் இழுத்தாள். "அப்புறம், கடைசிக் கட்டில் வாத்தியார் சொந்த விருப்பத்துல விலகலைங்க. அவர் கடைசிவரைக்கும் கடலை கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

மூட்டுவலி போன அறிஞர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மோசடி!" என்றார் இயக்குநர். மைக் இன்னும் திறந்திருந்தது. "விருந்தாளிக்கு மாவைப் போடறதா? அதுல என்ன சத்து இருக்கு? ஆளைக் கொல்லப் பார்த்தியா?"

யாரும் கைதட்டவில்லை. லாரி டிரைவர் மட்டும் கடைசி வரிசையில் தட்டினார்.

வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன் நடந்தது. கெட்ட மூலை போயிற்று. விழித்தபோது அக்கா பக்கத்தில் இருந்தாள், ஆனால் வார்டுக்காகக் கொதித்தது மறுபடியும் இரண்டாம் மூட்டைதான். அடுப்படியில் வேறு ஆள். நர்ஸம்மாவின் எடைப் பதிவேட்டை 'மேலும் ஆய்வுக்காக' எதிர்க் கட்டடத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். அது இன்றுவரை திரும்பவில்லை.

தையல் பிரித்த அன்றைக்கு அக்காவுக்கு ஓர் உறை வந்தது. அவள் பிரித்து என்னிடம் கொடுத்தாள். "நீ படி. நீதானே பிழை பார்க்கறவன்."

பணிநீக்க உத்தரவு. பக்கம் முழுக்க விதி எண்கள். கடைசிக்கு முந்தின வரியில் காரணம்: 'மேற்படி சமையல்காரர், தாம் சமைப்பது இன்னதென்று நன்கு தெரிந்தே சமைத்துள்ளார்.' பெற்றுக்கொண்டதற்குக் கீழே கையெழுத்து.

மூன்று தடவை படித்தேன். ஒரு பிழையும் இல்லை என்றேன்.

"பேனா கொடு. இத்தனை நாள்ல இப்பத்தான்டா அவங்க ஒண்ணு நிஜமா எழுதியிருக்காங்க. இதுல தாராளமா கையெழுத்துப் போடலாம்."

போட்டாள். கை நடுங்கவில்லை.